கையளவு துணியில் தொடங்குங்கள்: கோலாலம்பூரில் குவில்ட் பழக வழிகாட்டி

குவில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே, துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த முகப்பு. நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு. கடையில் பேட்டிங் என்று கேட்க வேண்டும். அடியில் ஒரே துணி. மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல்தான் அவற்றை நகராமல் பிடித்துக்கொள்கிறது. நேராக வெட்டவும் நேராகத் தைக்கவும் தெரிந்தால் இந்தக் கலையின் பாதி கைக்கு வந்துவிடும். ரவிக்கை தைப்பதில் இருக்கும் அளவுக் கணக்கு, வளைவு, கழுத்து, கை என்ற தொல்லை எதுவும் இதில் இல்லை.

பழக வருகிற பலருக்கும் கட்டில் நிறைய விரியும் பெரிய போர்வைதான் மனத்தில் இருக்கும். அதைத் தள்ளிவைக்கச் சொல்வேன். 90 அங்குலச் சதுரப் போர்வைக்கு, தைத்து முடித்தபின் 3 அங்குலம் நிற்கும் துண்டுகள் 900 வேண்டும். அதே துண்டில் ஒரு மேசை விரிப்புக்கு 24 போதும். ஆசையாக நூற்றுக்கணக்கில் வெட்டிவிட்டு, பாதியில் சலித்து அலமாரிக்குள் வைத்துவிடுவது எளிது. 24 துண்டு வெட்டியவர் அந்த வார இறுதியிலேயே சாப்பாட்டு மேசையில் விரித்துப் பார்க்கலாம். கோலாலம்பூர் புழுக்கத்தில், ஏர்கோன் அறைக்கு வெளியே கனத்த போர்வைக்கு வேலையும் இல்லை. கோப்பிக் குவளைக்கு அடியில் வைக்கும் சின்ன விரிப்பு, சூடான சட்டி பிடிக்கும் துணி, மேசை விரிப்பு, ஜிப் வைத்த பை: இவை தினமும் கையில் புழங்கும், முடித்த திருப்தியும் உடனே கிடைக்கும்.

துணி

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: தொடக்கத்தில் முழுப் பருத்தி மட்டும். பருத்தி நழுவாது. நகத்தால் அழுத்தினாலே மடிப்பு நிற்கும். சூடான இஸ்திரியைத் தாங்கும். இந்த மூன்று குணமும் இருந்தால்தான் புதுக்கைக்குத் துண்டுகள் அடங்கும். பாலியஸ்டரில் மடிப்பு நிற்காது. விஸ்கோஸ் பாத்திக் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் துவண்டு விழும்; வெட்டும்போதே சதுரம் கோணிவிடும். பட்டுத் துணியை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

கடைக்குப் போகும் முன் வீட்டு அலமாரியைத் திறங்கள். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை, அப்பாவின் பருத்திச் சட்டை, நிறம் மங்காத கட்டில் விரிப்பு எல்லாம் நல்ல துணிதான். கட்டம் போட்ட பெலிக்காட் கைலி கிடைத்தால் விடாதீர்கள். அந்தக் கட்டக் கோடுகளே வெட்டவும் தைக்கவும் வழிகாட்டும். அளவுகோல் பிடிக்கத் தடுமாறும் கைக்கு அது பெரிய உதவி. பழைய துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நூல் தேய்ந்து வெளிச்சம் அதிகமாகத் தெரியும் இடத்தை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள். சேலையில் உள்ளே செருகும் முனை பெரும்பாலும் திடமாகவும் வெளுக்காமலும் இருக்கும். தரையில் உரசிய கீழ்க்கரை உதவாது. பள்ளிச் சீருடையை நினைவுக்காக வைத்துத் தைக்கப் பலருக்கு ஆசை. நல்ல ஆசைதான், ஆனால் சீருடைகள் பெரும்பாலும் பாலியஸ்டர் கலப்பு. கை பழகியபின் செய்யலாம்.

அடுத்த இடம் தையல்காரர். மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலோ பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ உங்களுக்கு ரவிக்கை தைத்துத் தரும் அக்காவிடம், “அக்கா, வெட்டு மிச்சம் இருந்தா கொஞ்சம் எடுத்துக்கலாமா?” என்று கேளுங்கள். மலாய்க்காரரின் கடை என்றால் காயின் பெர்ச்சா என்று சொன்னால் போதும், துண்டுத் துணி என்று புரிந்துகொள்வார்கள். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முந்தைய வாரங்களில் மட்டும் போகாதீர்கள். அவர்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. பெருநாள் கழித்துப் போனால் மிச்சத் துணியும் நிறைய இருக்கும், பேசவும் பொழுது இருக்கும். அந்த மூட்டையில் மினுமினுப்பவற்றை விட்டுவிட்டு உள்துணி வெட்டிய பருத்தித் துண்டுகளைத் தேடுங்கள். ஒற்றை வண்ணத்தில் இருக்கும் அவைதான் பூப்போட்ட துணிகளுக்கு நடுவே கண்ணுக்கு ஓய்வு கொடுக்கும்.

புதிதாக வாங்க மஸ்ஜித் ஜாமெக் எல்.ஆர்.டி நிலையத்தில் இறங்கினால் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவும் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானும் நடக்கும் தொலைவுதான். பண்டாராயா நிலையத்தில் இறங்கி மறுமுனையிலிருந்தும் வரலாம். பாஜு கூரோங்குக்கு விற்கும் பருத்தித் துணிகளில் சின்னப் பூப்போட்டவை நமக்குப் பொருத்தம். பெரிய பூ, 3 அங்குலத் துண்டில் அடையாளமே தெரியாமல் போகும். கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். முழுப் பருத்தியா, கலப்பா? அகலம் எவ்வளவு? 44 அங்குல அகலமும் உண்டு, 58 அல்லது 60 அங்குல அகலமும் உண்டு. விலையை ஒப்பிடும்போது அகலத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சிலர் இன்னும் எலாக் கணக்கில் பேசுவார்கள். ஓர் எலா 36 அங்குலம், மீட்டரைவிட மூன்று அங்குலத்துக்கு மேல் குறைவு. மூலையில் குவித்து வைத்திருக்கும் மிச்சத் துண்டுகளைக் கடைசியில் அல்ல, முதலில் பாருங்கள்.

வாங்கும்போது நிறத்தைவிட வெளிர், அடர் என்ற வேறுபாடு முக்கியம். சிவப்பும் பச்சையும் தனித்தனியே பளிச்சென்று இருந்தாலும், இரண்டும் ஒரே அடர்த்தியில் இருந்தால் பக்கத்தில் வைத்ததும் ஒன்றில் ஒன்று கரைந்துபோகும். துணிகளை அருகருகே வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். படத்தில் வேறுபாடு தெரிந்தால் தைத்த பிறகும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் துவைத்துவிடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். ஒரு துணி சுருங்கி இன்னொன்று சுருங்காவிட்டால், முடித்த விரிப்பு இழுத்துக்கொண்டு நிற்கும். சிவப்பு, அரக்கு, நீலம், பாத்திக் ஆகியவற்றைத் தனியே நனைத்து, ஒரு வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால், அது ஒட்டாமல் போகும் வரை அலசுங்கள். நிழலில் காயவைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் துணி விறைப்பாக நிற்கும்.

கையால் ஒரு கோப்பி விரிப்பு

தையல் மெஷின் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். முதல் இரண்டு, மூன்று பொருள்களைக் கையால்தான் செய்யச் சொல்வேன். துணி எந்தப் பக்கம் இழுபடும், எந்தப் பக்கம் இழுபடாது என்பதை விரல் கற்றுக்கொள்வது அப்போதுதான். துணிக்கரைக்கு இணையாக ஓடும் பாவு நூல் இழுபடாது. குறுக்கே ஓடும் ஊடை நூல் சற்றே கொடுக்கும். மூலைக்கு மூலை இழுத்தால் நன்றாக நீளும். தையல்காரர்கள் கிராஸ் என்பது அதைத்தான். சதுரத்தின் பக்கங்கள் பாவுக்கும் ஊடைக்கும் நேராக இருக்கும்படி வெட்டினால் கோணாது. கெட்டியான கரை ஓரத்தை வெட்டி எறிந்துவிடுங்கள். அது தையலைச் சுருக்கும்.

வேண்டியவை: துணிக்கு மட்டுமே பயன்படுத்தும் கூர்மையான கத்தரிக்கோல், ஊசி, குண்டூசி, நூல், அளவுகோல், பென்சில், இஸ்திரிப்பெட்டி. நூல் வெளிர் சாம்பல் நிறத்தில் வாங்குங்கள், ஏறக்குறைய எல்லாத் துணியோடும் ஒத்துப்போகும். அங்குலமோ சென்டிமீட்டரோ, ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். குவில்ட் கணக்குகள் பெரும்பாலும் அங்குலத்தில் இருப்பதால் நான் அங்குலத்திலேயே சொல்கிறேன்.

மைலோ பெட்டியின் அட்டையில் 2½ அங்குலச் சதுரம் ஒன்று வெட்டுங்கள். அதை வைத்து வரைந்து, வெளிர் துணியில் இரண்டு, அடர் துணியில் இரண்டு எடுங்கள். நான்கு துண்டுகளின் பின்பக்கமும் ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே கோடு போடுங்கள். இந்தக் கால் அங்குலம் இனி எல்லா வேலையிலும் கூடவே வரும்.

ஒரு வெளிர், ஒரு அடர் துண்டை முகத்தோடு முகம் சேர்த்து, கோட்டின்மேல் நூலோட்டத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கிப் போகும் தையல்) போடுங்கள். அங்குலத்துக்கு எட்டுத் தையலாவது விழ வேண்டும். நான்கைந்து தையலுக்கு ஒருமுறை ஒரு கெட்டித் தையல் (ஒரு தையல் பின்னால் போய்க் குத்துவது) போட்டால் பிரியாது. நூல் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம், சிக்கு விழும். இப்படி இரண்டு ஜோடி. இரண்டிலும் தையல் மடிப்பை அடர் துணியின் பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். இஸ்திரியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். தேய்த்தால் துணி நீளும். இப்போது இரண்டு ஜோடியையும் எதிர்நிறம் எதிரெதிரே வரும்படி சேர்த்தால், ஒன்றின் மடிப்பு இடப்பக்கமும் மற்றதன் மடிப்பு வலப்பக்கமும் சாய்ந்திருக்கும். நடுவில் விரலால் தடவினால் இரண்டும் ஒன்றோடொன்று அணைந்து உட்காருவது தெரியும். அங்கே ஒரு குண்டூசி குத்தித் தையுங்கள், நடுப்புள்ளி பிசகாது. 4½ அங்குலச் சதுரம் கிடைக்கும்.

அதே அளவில் அடித்துணி ஒன்று, நடுவுக்குப் பழைய ஃபிளானல் அல்லது மெல்லிய குளியல் துண்டு ஒன்று வெட்டுங்கள். கீழே ஃபிளானல், அதன்மேல் அடித்துணி முகம் மேலே பார்க்க, அதன்மேல் முகப்பு முகம் கீழே பார்க்க. நான்கு புறமும் கால் அங்குலத்தில் கெட்டித் தையல் போட்டு, ஒரு பக்கத்தின் நடுவில் மட்டும் இரண்டு அங்குலம் திறந்து விடுங்கள். மூலைகளைத் தையலைத் தொடாமல் சாய்வாக வெட்டி, திறப்பு வழியே திருப்புங்கள். மூலையைக் குத்தி வெளியே தள்ளச் சாப்ஸ்டிக் நன்றாக உதவும், கத்தரிக்கோல் நுனி துணியைக் கிழித்துவிடும். திறப்பை உள்ளே மடித்து, நூல் வெளியே தெரியாதபடி தைத்து மூடுங்கள். பிறகு இணைப்புக்கு இரு புறமும் கால் அங்குலம் தள்ளி, மூன்று அடுக்கும் சேர நூலோட்டம் போடுங்கள். உங்கள் முதல் குவில்ட் முடிந்தது. இதையே நான்கு செய்தால் நான்காவதில் தையல் எவ்வளவு சீராகியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

வெட்டும் கருவியும் மெஷினும்

கை பழகி, இது நமக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தபின் செலவு செய்யலாம். முதலில் வாங்க வேண்டியது மெஷின் அல்ல, வெட்டும் கருவிகள்: 45 மில்லிமீட்டர் சுழல்கத்தி (சக்கரம்போல் உருண்டு வெட்டும் வட்டக் கத்தி), வெட்டும்போது அடியில் விரிக்கும் பாய், தடித்த கண்ணாடி போன்ற அளவுகோல். துல்லியமாக வெட்டிய துண்டு தையலில் பாதி வேலையை முடித்துத் தரும். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மூடுங்கள், கடைசி வெட்டுக்குப் பிறகு மட்டும் அல்ல. உடம்புக்கு எதிர்ப்புறமாக நகர்த்துங்கள். அளவுகோலைப் பிடித்த விரல் ஓரத்துக்கு வெளியே நீட்டக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் உயரமான அலமாரி வேண்டும். பாயின்மேல் இஸ்திரி போடக் கூடாது; வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் அதை விட்டுவிட்டுப் போகக் கூடாது. சூட்டில் வளைந்த பாய் திரும்ப நேராகாது.

மெஷினைப் பொறுத்தவரை, வீட்டில் பாட்டி காலத்துக் கால்மிதி சிங்கர் இருந்தால் எண்ணெய் போட்டு ஓட்டிப் பாருங்கள். நேர்த்தையலுக்கு அது இன்றும் அருமை. புதிதாக வாங்குவதானால் நேர்த்தையலும் ஜிக்ஜாக்கும் ஒழுங்காகப் போடுகிற எளிய மெஷின் போதும், நூறு விதப் பூத்தையல் வேண்டாம். ஜப்பானிலிருந்து வரும் பழைய மெஷின்களை வாங்கும்போது பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் வீட்டில் 230, 240. மின்னழுத்த மாற்றி இல்லாமல் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். ஊசி 80/12 எண், தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர். ஊசி மழுங்கினால் துணியில் டப் டப் என்று சத்தம் வரும், உடனே மாற்றுங்கள்.

ஊசியிலிருந்து கால் அங்குலம் வலப்பக்கம் அளந்து, மெஷின் தட்டில் ஒட்டு நாடா ஒட்டுங்கள். துணி ஓரம் அதை உரசிக்கொண்டே போக வேண்டும். சரியா என்று பார்க்க ஒரு சோதனை: 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளைப் பக்கவாட்டில் இணைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை சரியாக ஒரு அங்குலம் இருந்தால் நாடா சரி. குறைந்தால் நாடாவை ஊசிக்கு அருகே நகர்த்துங்கள். இவ்வளவு நுணுக்கம் ஏன் என்று கேட்டால், ஒவ்வொரு தையலும் பதினாறில் ஒரு அங்குலம் தள்ளிப்போனால் இரண்டு துண்டிலும் சேர்த்து எட்டில் ஒரு அங்குலம் குறையும். ஐந்து தையல் உள்ள வரிசையில் அரை அங்குலத்துக்கு மேல் காணாமல் போகும். பக்கத்து வரிசை குறையாமல் இருந்தால் இரண்டும் சேரவே சேராது.

மேசை விரிப்பு

18 அங்குல நீளம், 12 அங்குல அகலம். ஒருவர் தட்டு வைத்துச் சாப்பிட இந்த அளவு போதும். 44 அங்குல அகலத் துணியில், அகலம் முழுக்க 3½ அங்குலப் பட்டை வெளிரில் ஒன்று, அடரில் ஒன்று வெட்டுங்கள். முகப்புக்கு அவ்வளவுதான். சதுரம் சதுரமாக வெட்டி ஒவ்வொன்றாகத் தைக்க வேண்டாம். இரண்டு பட்டைகளையும் நீளவாக்கில் தைத்து, மடிப்பை அடர்பக்கம் சாய்த்து இஸ்திரி போட்டபின், குறுக்கே 3½ அங்குலத்துக்கு ஒரு வெட்டாக வெட்டிக்கொண்டே வாருங்கள். வெளிரும் அடரும் ஏற்கெனவே ஒட்டிய 12 ஜோடிகள் கிடைக்கும். இந்தக் குறுக்குவழியைக் கற்றவர் திரும்பப் பழைய வழிக்குப் போக மாட்டார்.

இரண்டு ஜோடி சேர்ந்தால் நான்கு கட்டம் உள்ள ஒரு தூண். அப்படி ஆறு தூண். ஒன்று வெளிரில் தொடங்கினால் அடுத்தது அடரில் தொடங்கட்டும். தைக்கும் முன் தரையில் விரித்துப் பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; மெஷின் பக்கம் போனதும் வரிசை மறந்துபோவது சகஜம். தூண்களை இணைக்கும்போது ஒவ்வொரு சந்திப்பிலும் மடிப்புகள் எதிரெதிரே அணைகின்றனவா என்று தடவிப் பார்த்துக் குண்டூசி குத்துங்கள். முகப்பு 18½ க்கு 12½ அங்குலம் வரும்.

அடித்துணியும் பேட்டிங்கும் 22 க்கு 16 அங்குலம் வெட்டுங்கள். பேட்டிங் மெல்லிய பருத்தியாக இருக்கட்டும். புஸ்ஸென்று இருக்கும் பாலியஸ்டர் விரிப்பு புதுக்கைக்கு நழுவும், தட்டும் ஆடும். அடித்துணியை முகம் கீழே பார்க்க மேசையில் விரித்து, ஓரங்களை ஒட்டு நாடாவால் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். அதன்மேல் பேட்டிங், அதன்மேல் முகப்பு. நடுவிலிருந்து வெளியே போகும்படி, நான்கு விரல் இடைவெளிக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் அடியில் துணி மடிந்து தைபட்டுவிடும், முழுவதையும் பிரிக்க வேண்டி வரும். பொறுமையெல்லாம் இங்கே செலவாகட்டும்.

தையல் நீளத்தை 3 ஆக்கி, கட்டங்களின் மூலையிலிருந்து மூலைக்குச் சாய்வாகத் தையுங்கள். மூலைகளே குறி என்பதால் கோடு போட வேண்டியதில்லை. நடுக்கோட்டில் தொடங்கி இரு புறமும் நகருங்கள். மெஷினுக்கு நடைப்பாதம் (கடையில் வாக்கிங் ஃபூட்) என்று தனியாக ஒன்று வாங்கிப் பொருத்தினால் மூன்று அடுக்கும் ஒரே வேகத்தில் நகரும். இல்லாவிட்டால் மெதுவாக ஓட்டுங்கள், துணியை இழுக்காதீர்கள்.

முடிந்ததும் ஓரங்களைச் சீராக வெட்டி, பட்டி கட்ட வேண்டும். 2½ அங்குலப் பட்டைகள் இரண்டை இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். மடிக்காத ஓரம் விரிப்பின் ஓரத்தோடு ஒட்டும்படி முகப்பின்மேல் வைத்து, ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். முனையில் ஆறு அங்குலம் தைக்காமல் விடுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, நூலை வெட்டி விரிப்பை வெளியே எடுங்கள். பட்டியை நேர் மேலே மடியுங்கள், பிறகு அடுத்த ஓரத்தோடு ஒட்டக் கீழே மடியுங்கள், மேல் மடிப்பு விரிப்பின் விளிம்போடு நிற்கட்டும். அங்கிருந்து திரும்பத் தையுங்கள். நான்கு மூலையும் இப்படியே. கடைசியில் இரு முனைகளையும் அளந்து இணைத்து, பட்டியைப் பின்பக்கம் திருப்பி, கையால் ஹெம்மிங் போடுங்கள். மெஷினால் முடிப்பவர்களும் உண்டு, ஆனால் கைத்தையல் போட்ட ஓரத்தின் அழகு தனி.

அடுத்து

சட்டி பிடிக்கும் துணியும் இதே வேலைதான், 8 அங்குலச் சதுரத்தில். உள்ளே பருத்திப் பேட்டிங் இரண்டு அடுக்கு அல்லது பழைய பருத்திக் குளியல் துண்டு வையுங்கள். பாலியஸ்டர் துணியும் பேட்டிங்கும் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். நூலும் பருத்தியாக இருக்கட்டும். ஜிப் பைக்கு, தேவையைவிட இரண்டு அங்குலம் நீளமான ஜிப் வாங்கி மிச்சத்தை வெட்டிவிடுவது எளிது. தொடாதீர்கள் என்று சொன்ன பட்டுத் துணியை இங்கே எடுக்கலாம்: பின்னால் ஒட்டுக் கேன்வாஸ் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணி) வைத்தால் காஞ்சிபுரக் கரை நழுவாமல் அடங்கும். ஜரிகைமேல் நேராக இஸ்திரி வைக்காமல் மேலே ஒரு பருத்தித் துணி போடுங்கள். ஊசி குத்தி வைக்கும் குட்டித் தலையணைக்குப் பழைய கெக்காபு (இலவம் பஞ்சு) தலையணையின் பஞ்சு எடுத்து அடைக்கலாம்.

நிறச் சேர்க்கையில் யோசனை தீர்ந்துபோனால் டத்தாரான் மெர்டேக்கா பக்கம் தேசிய ஜவுளி அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். 2010 இல் பழைய கட்டடம் ஒன்றில் திறந்தது. மஸ்ஜித் ஜாமெக்கிலிருந்து நடந்தே போகலாம். சொங்கெட், பாத்திக், சரவாக்கின் புவா கும்பு எல்லாம் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைக்கும். அடர்நிறத்துக்கு நடுவே ஒரு கீற்று வெளிரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

இந்த ஊரின் ஈரக்காற்று துணிக்கும் ஊசிக்கும் ஆகாது. குண்டூசியை விரிப்பில் குத்தியபடி வாரக்கணக்கில் விட்டால் துருக்கறை விழும், அது போகாது. வேலை முடிந்ததும் எடுத்து மூடிய டப்பாவில் போடுங்கள். துணியை முழுவதும் உலர்ந்தபின்தான் அடுக்க வேண்டும், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றும் கூட இருக்கட்டும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து உதறிவிட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். முடித்த விரிப்பைக் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பில் துவைத்து, முறுக்காமல் குளியல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாக நிழலில் காயவையுங்கள்; கொடியில் ஒரு முனையில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் கோணிவிடும்.